அசலும் இணைநகலும்: பின்னலாடை வடிவமைப்பு மென்பொருளில் சமதொலைவுக் கோடு வரைதல் – பெருமாநல்லூர் வட்டாரத் தொழிற்சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்களில், வரைந்த கோட்டிலிருந்து மாறாத தொலைவில் மற்றொரு கோட்டை உருவாக்கும் கட்டளை ‘ஆஃப்செட்’ என வழங்கப்படுகிறது. ஆடைத் தொழிலில் தைக்கும் கோட்டிலிருந்து வெட்டும் கோட்டைப் பெறும் செயல் வடிவியல் நோக்கில் இக்கட்டளையே ஆகும். எளிய நகலெடுப்பாகத் தோன்றும் இச்செயலில் நீளம், மூலை, வளைவு ஆகிய மூன்றும் மாறுகின்றன. இம்மாற்றங்களை அறியாத நிலையில், வெட்டிய பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. சமதொலைவு வரைதல், விகிதப் பெருக்கம், அளவுப் படிநிலையாக்கம் ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள் என்பதையும், தைக்கும் கோடே அசல், வெட்டும் கோடு அதன் நகல் என்ற கொள்கை மென்பொருள் பயன்பாட்டில் ஏன் காக்கப்பட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை கணக்கீட்டு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. இச்செயலுக்கு ‘இணைநகல்’ என்னும் கலைச்சொல்லையும் முன்மொழிகிறது.

கருச்சொற்கள்: இணைநகல், சமதொலைவு, தையல் விளிம்பு, பின்னலாடை, கணினிவழி வடிவமைப்பு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

திருப்பூருக்கு வடக்கே, சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது பெருமாநல்லூர். 2009ஆம் ஆண்டு உருவான திருப்பூர் மாவட்டத்தின் பின்னலாடைத் தொழில், நகர எல்லையைக் கடந்து பரவிய ஊர்களுள் இதுவும் ஒன்று. இதனை அடுத்த ஈட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா இயங்கிவருகிறது. துணியை விரிப்பது, வெட்டுவது, தைப்பது, சோதிப்பது, பெட்டியிடுவது எனப் பல பிரிவுகளாக நடைபெறும் இத்தொழிலில், அனைத்துக்கும் முன்னால் நிற்பது பேட்டர்ன் எனப்படும் வெட்டுவடிவம். அட்டையில் வரைந்து வெட்டப்பட்ட இவ்வடிவங்கள் இன்று பெரும்பாலும் கெர்பர், லெக்ட்ரா, டுகாடெக், ஆப்டிடெக்ஸ் முதலிய நிறுவனங்களின் மென்பொருள்களில் உருவாக்கப்படுகின்றன.

அட்டையிலிருந்து திரைக்கு மாறியபோது வேலையின் விரைவு கூடியது. அதே வேளையில், பேட்டர்ன் மாஸ்டரின் கை அறிந்திருந்த சில நுட்பங்கள் கட்டளைப் பொத்தானுக்குள் மறைந்துபோயின. தையலுக்காக விளிம்பைக் கூட்டும் கட்டளை அவற்றுள் முதன்மையானது. ஒரு கோட்டைத் தேர்ந்து, தொலைவைக் கொடுத்து, பொத்தானை அழுத்தினால் புதிய கோடு தோன்றிவிடுகிறது. அக்கோடு எவ்வாறு பிறந்தது, எதில் அசலை ஒத்தது, எதில் வேறுபட்டது என்பன பயில்வோருக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அவற்றைத் தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்குத் தரப்படும் அளவுகள் அனைத்தும் விளக்கத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஆடையின் வகை, துணி, எந்திரம் ஆகியவற்றுக்கேற்ப இவை மாறும்.

1. கையால் வரைதலும் இயங்குவரையும்

ஆடையின் ஒவ்வொரு பாகத்திற்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஊசி செல்லும் வழி தைக்கும் கோடு. கத்தி செல்லும் வழி வெட்டும் கோடு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட துணியே தையல் விளிம்பு. ‘தையலுக்கு விட்டு வெட்டுதல்’ என்று தையற்கலைஞர்கள் சொல்வது இதனையே ஆகும்.

கையால் வரைவோர் தைக்கும் கோட்டின் மீது அளவுகோலைக் குறுக்காக வைத்து, அரை அங்குலமோ ஒரு சென்டிமீட்டரோ தள்ளிப் புள்ளியிடுவர். சிறிது நகர்ந்து மீண்டும் புள்ளியிடுவர். நேரான பகுதியில் இரண்டு புள்ளிகளே போதும். வளைந்த பகுதியில் நெருக்கமாகப் பல புள்ளிகள் தேவை. பின்னர் அப்புள்ளிகளை வளைவு அளவுகோலால் இணைப்பர். ஒவ்வோர் இடத்திலும் அளவுகோல் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நிலை.

பள்ளிக் கணிதத்தில், குறிப்பிட்ட விதிக்கு உட்பட்டு நகரும் புள்ளியின் பாதை இயங்குவரை எனப்படுகிறது. ஒரு வளைவின் ஒவ்வொரு புள்ளியிலும் தொடுகோட்டுக்குச் செங்குத்தாக, மாறாத தொலைவில், ஒரே பக்கத்தில் அமையும் புள்ளிகளின் இயங்குவரையே இணைவளைவு. ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்சு 1692ஆம் ஆண்டிலேயே இத்தகைய வளைவுகளை ஆராய்ந்துள்ளார். கையால் புள்ளியிட்டவர்கள் செய்ததும் அவ்வரையறையைத்தான். மென்பொருளும் உள்ளே இதனையே செய்கிறது. புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே மிகுதி.

இக்கருத்து ஆடைக்கு மட்டும் உரியதன்று. வார்ப்படத்தின் சுவர்த் தடிமனை வரையும்போதும், கணினியால் இயங்கும் கடைசல் எந்திரத்தில் வெட்டுக்கருவியின் ஆரத்திற்கு ஈடுசெய்யும்போதும் இதே செயல் நிகழ்கிறது. அவ்வெந்திரங்களுக்கான ஜி-41, ஜி-42 ஆகிய குறிமுறைகள், கருவியைப் பாதையின் இடப்புறமாகவோ வலப்புறமாகவோ அதன் ஆர அளவுக்கு விலக்கிச் செலுத்துவன. உலோகத்தில் கருவியின் பருமனுக்காகவும், துணியில் தையலின் அகலத்திற்காகவும் கோடு விலக்கப்படுகிறது.

2. இணைநகலும் விகிதப் பெருக்கமும்

பயில்வோரிடையே ஏற்படத்தக்க முதல் மயக்கம், இணைநகலைப் ‘பெரிதாக்குதல்’ எனக் கொள்வது. ஒரு செவ்வகத்தைக் கொண்டு இதனைத் தெளிவுபடுத்தலாம். 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உடைய தைக்கும் கோட்டைச் சுற்றி 1 செ.மீ. விளிம்பு வேண்டும் எனக் கொள்வோம். இணைநகலின் அளவு 62 × 42 செ.மீ. ஆகும். மாறாக, அகலம் 42 செ.மீ. வரும்வரை உருவத்தை 5 விழுக்காடு பெருக்கினால் நீளம் 63 செ.மீ. ஆகிவிடும். பக்கங்களில் 1 செ.மீ. விளிம்பும், மேலும் கீழும் 1.5 செ.மீ. விளிம்பும் கிடைக்கும்.

பெருக்கத்தில் விகிதம் காக்கப்படுகிறது, தொலைவு மாறுகிறது. இணைநகலில் தொலைவு காக்கப்படுகிறது, விகிதம் மாறுகிறது. வட்டத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். வட்டத்தின் இணைநகலும் வட்டமே என்பதே காரணம். ஆனால் நீள்வட்டத்தின் இணைநகல் நீள்வட்டமாக அமைவதில்லை. நீள்வட்டம் இரண்டாம் படிச் சமன்பாட்டால் அமைவது. அதன் இணைவளைவோ பொதுவாக எட்டாம் படிச் சமன்பாட்டைச் சார்ந்தது. எனவே, கழுத்து வளைவை நீள்வட்டமாகக் கருதி, இரண்டு அச்சுகளிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்து இன்னொரு நீள்வட்டம் வரைந்தால், அச்சுகளின் முனைகளில் விளிம்பு சரியாக இருக்கும். இடைப்பட்ட பகுதிகளில் பிசகும்.

இவ்விரண்டினின்றும் வேறுபட்டது அளவுப் படிநிலையாக்கம். நடுத்தர அளவு ஆடையின் வெட்டுவடிவத்திலிருந்து பெரிய, சிறிய அளவுகளை உருவாக்கும் ‘கிரேடிங்’ என்னும் வேலை இது. மார்புச் சுற்று 4 செ.மீ. கூடும்போது, பாதியாக மடித்த முன்பாகத்தின் அகலம் 1 செ.மீ. கூடலாம், ஆடையின் நீளம் 2 செ.மீ. கூடலாம், கழுத்தின் அகலம் அதில் சிறுபகுதியே கூடும். மனித உடல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வளர்வதில்லை. ஒரே விகிதத்திலும் வளர்வதில்லை. ஆகவே இங்கு ஒவ்வொரு மூலைப்புள்ளியும் தனக்குரிய அளவில், தனக்குரிய திசையில் நகர்த்தப்படுகிறது.

விகிதப் பெருக்கத்திற்கும் பின்னலாடையில் இடம் உண்டு. பின்னல் துணி சலவையில் சுருங்கும். நீளவாக்கில் 5 விழுக்காடு சுருங்கும் துணியில் 70 செ.மீ. நீளமுள்ள ஆடை வேண்டுமெனில், 70ஐ 0.95ஆல் வகுத்து 73.68 செ.மீ. எனத் தைக்கும் கோட்டை அமைக்க வேண்டும். அகலவாக்கில் சுருக்கம் வேறாயின் அத்திசையில் பெருக்கமும் வேறாகும். இங்குப் பெருக்கமே சரியான செயல்.

மூன்று செயல்களுக்கும் வரிசை உண்டு. முதலில் படிநிலையாக்கம், அடுத்துச் சுருக்கத்திற்கான பெருக்கம், இறுதியில் தையல் விளிம்புக்கான இணைநகல். தையலின் அகலத்தைத் தீர்மானிப்பது எந்திரமே. ஆடையின் அளவோ துணியின் சுருக்கமோ அதனைப் பொதுவாக மாற்றுவதில்லை. விளிம்பு சேர்த்த வடிவத்தை 10 விழுக்காடு பெருக்கினால் 1 செ.மீ. விளிம்பும் 1.1 செ.மீ. ஆகிவிடும். தைப்பவர் பழகிய 1 செ.மீ. அளவிலேயே தைப்பார். மிஞ்சிய 1 மி.மீ. ஒவ்வொரு தையலின் இருபுறமும் சேர்ந்து ஆடையின் அளவைக் கூட்டிவிடும்.

3. நீளம் எவ்வாறு மாறுகிறது

நேர்க்கோட்டின் இணைநகல் அதே நீளம் உடையது. வளைவின் இணைநகல் அவ்வாறன்று. வளைவின் மையத்தை நோக்கி நகர்ந்தால் நீளம் குறையும். மையத்தை விட்டு விலகினால் கூடும். எவ்வளவு என்பதற்கு எளிய விதி உண்டு.

நீள வேறுபாடு = தொலைவு × வளைவு திரும்பும் கோணம் (ரேடியனில்)

இவ்விதியில் வளைவின் ஆரம் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. முழுச்சுற்றுக் கோணம் 6.28 ரேடியன் ஆதலின், சிறிய வட்டமாயினும் பெரிய வட்டமாயினும், 1 செ.மீ. தள்ளி வரைந்தால் சுற்றளவு 6.28 செ.மீ. மாறும். மூலையற்ற, எங்கும் வெளிப்புறமே வளைந்த மூடிய வளைவு எதற்கும் வெளிப்புற இணைநகலில் இது பொருந்தும் என்பது ஸ்டைனர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரின் 1840ஆம் ஆண்டு ஆய்வுடன் தொடர்புடைய முடிவாகும்.

டி-சட்டையின் கழுத்தைக் கொண்டு இதன் பயனைக் காணலாம். தோள்களை இணைத்தபின் கழுத்துச் சுற்று ஒரே மூடிய வளைவாகிறது. கணக்கின் எளிமைக்காக அதனை 9 செ.மீ. ஆரமுள்ள வட்டமாகக் கொள்வோம். தைக்கும் கோட்டின் சுற்றளவு 56.55 செ.மீ. தையல் விளிம்பு 0.6 செ.மீ. எனில், அது கழுத்துத் துளையின் உட்பக்கமாக நீளும். வெட்டும் கோட்டின் ஆரம் 8.4 செ.மீ.; சுற்றளவு 52.78 செ.மீ. இரண்டுக்கும் வேறுபாடு 3.77 செ.மீ.

கழுத்தில் பொருத்தும் ரிப் பட்டை, கழுத்துச் சுற்றைவிடக் குறைந்த நீளத்தில் வெட்டப்பட்டு, இழுத்துத் தைக்கப்படுகிறது. அந்நீளம் தைக்கும் கோட்டின் 85 விழுக்காடு என முடிவு செய்யப்பட்டிருப்பின் 48.07 செ.மீ. வேண்டும். வெட்டிய துணியின் ஓரத்தை அளந்து கணக்கிட்டால் 44.86 செ.மீ. கிடைக்கும். ஏறத்தாழ 3.2 செ.மீ. குறைந்த பட்டை கழுத்தைச் சுருக்கி இழுக்கும். குழந்தைகளின் ஆடையாயின் தலை நுழைவதே கடினமாகும். அளவெடுத்தவரின் நாடாவில் குறையில்லை. அவர் அளந்த கோடுதான் வேறு.

கையும் உடலும் சேரும் இடத்தில் இது மேலும் தெளிவாகும். உடற்பாகத்தின் கைக்குழி உட்குழிந்தது. அங்கே வெட்டும் கோடு தைக்கும் கோட்டைவிடக் குறுகியது. கையின் மேல்விளிம்பு பெரும்பகுதி வெளிப்புடைத்தது. அங்கே வெட்டும் கோடு நீண்டது. முன்பாகத்தின் கைக்குழியும் அதனோடு சேரும் கையின் அரைப்பகுதியும் தைக்கும் கோட்டில் 24 செ.மீ. என ஒத்திருப்பதாகக் கொள்வோம். கைக்குழி தோளிலிருந்து அக்குள் வரை 90 பாகை திரும்புகிறது. கையின் விளிம்பு முதலில் ஒருபுறமும் பின்னர் மறுபுறமும் வளைவதால், அதன் நிகரத் திருப்பம் 30 பாகை எனக் கொள்ளலாம். 1 செ.மீ. விளிம்புடன், முனைகளின் மூலைகளைக் கருதாமல் கணக்கிட்டால், கைக்குழியின் வெட்டும் கோடு 22.43 செ.மீ.; கையின் வெட்டும் கோடு 24.52 செ.மீ. ஆகும்.

சரியாகப் பொருந்தும் இரண்டு பாகங்களின் ஓரங்கள் 2 செ.மீ.க்கும் மேலாக வேறுபட்டு நிற்கின்றன. இதனைப் பிழையெனக் கருதி ஓரங்களைச் சமப்படுத்தினால், பொருந்தியிருந்த தைக்கும் கோடுகள் பொருந்தாமற் போகும். தைக்கும் கோடுகளைத் தைக்கும் கோடுகளோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்னும் விதி இதனின்று பெறப்படுகிறது. ஓரங்களை எங்கெங்குச் சேர்க்க வேண்டும் என்பதைக் காட்டும் ‘நாட்ச்’ என்னும் சிறு வெட்டுக்குறியும் தைக்கும் கோட்டில் அளந்து, செங்குத்தாக வெட்டும் கோட்டுக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டியதே.

4. மூலைகளின் சிக்கல்

வளைவில் தொடுகோடு சிறிது சிறிதாகத் திரும்புகிறது. மூலையில் அது ஒரே புள்ளியில் திரும்பிவிடுகிறது. வெளிநோக்கிய மூலையில் இரண்டு பக்கங்களையும் தனித்தனியே தள்ளி வரைந்தால் நடுவே இடைவெளி தோன்றும். உட்குழிந்த மூலையில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கும். மிகுந்த பகுதியை நறுக்க வேண்டும்.

இடைவெளியை மூன்று வகையில் நிரப்பலாம்: கோடுகளை நீட்டிக் கூர்மூலையாகச் சேர்த்தல், வட்டவில்லால் இணைத்தல், சாய்வாக வெட்டி இணைத்தல். ஆட்டோகேட் மென்பொருளில் ‘ஆஃப்செட்கேப்டைப்’ என்னும் மாறியின் மதிப்பு 0, 1, 2 என அமைவது பல்கோடுகளில் முறையே இம்மூன்றையும் குறிக்கிறது. வடிவியல் வரையறையை முழுமையாகப் பின்பற்றுவது வட்டவில்லே. அதன் ஒவ்வொரு புள்ளியும் மூலையிலிருந்து அதே தொலைவில் உள்ளது. கூர்மூலையோ அவ்வளவைத் தாண்டி நீள்கிறது. செங்கோண மூலையில் அத்தொலைவு 1.41 மடங்கு, 60 பாகை மூலையில் 2 மடங்கு, 30 பாகை மூலையில் 3.86 மடங்கு. குறுகிய கோணங்களில் துணி ஊசிபோல நீண்டு வீணாவதைத் தடுக்க, மென்பொருள்கள் இந்நீட்சிக்கு உச்ச எல்லை வகுக்கின்றன.

ஆடையில் இம்மூன்றும் போதாத இடமும் உண்டு. கையின் கீழ்விளிம்பை உட்புறமாக மடித்துத் தைக்கும் இடம் அத்தகையது. மணிக்கட்டை நோக்கிக் குறுகும் கையில், பக்கக்கோடு ஒவ்வொரு 5 செ.மீ. நீளத்திற்கும் 1 செ.மீ. உள்வாங்குவதாகக் கொள்வோம். மடிப்புக்கு 2 செ.மீ. விட்டு, பக்கக்கோடுகளை அப்படியே நீட்டினால், மடிப்பின் ஓரம் ஒவ்வொரு பக்கமும் 0.4 செ.மீ. குறுகும். மடித்தபின் அவ்வோரம் சென்று படியும் இடமோ மடிப்புக்கோட்டைவிட ஒவ்வொரு பக்கமும் 0.4 செ.மீ. அகன்றது. இரு பக்கமும் சேர்த்து 1.6 செ.மீ. பற்றாக்குறையால் மடிப்பு இழுத்துச் சுருங்கும். இங்கு வேண்டியது பக்கக்கோட்டின் நீட்சியன்று. மடிப்புக்கோட்டில் கண்ணாடிபோல் எதிரொளித்த பிம்பம். அப்போது மூலை வெளிநோக்கி விரியும். வேலன்டினா என்னும் கட்டற்ற வெட்டுவடிவ மென்பொருள், மூலைகளுக்கான தெரிவுகளுள் சமச்சீர் என்பதையும் தந்திருப்பது இதற்காகவே. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னும் பின்னும் வெவ்வேறு விளிம்பளவு கொடுக்கவும் அதில் வழியுண்டு. தோளில் 1 செ.மீ., கீழ்மடிப்பில் 2 செ.மீ. என வேறுபடும் ஆடைப்பாகத்திற்கு ஒரே தொலைவில் முழுச்சுற்றையும் நகலெடுக்கும் பொதுக்கட்டளை போதாது.

5. வளைவின் எல்லை

மையத்தை நோக்கி வரையும் இணைநகலுக்கு ஓர் எல்லை உண்டு. தொலைவு, வளைவின் மிகச்சிறிய ஆரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கோடு தன்னையே திருப்பிக்கொண்டு கூர்முனைகளை உண்டாக்கும்; தன்னையே வெட்டும். சில மென்பொருள்கள் அப்பகுதியைத் தாமே நறுக்கிவிடுகின்றன. சில கட்டளையை நிறைவேற்ற மறுக்கின்றன.

மறுப்பு வந்ததும் மென்பொருளில் கோளாறு எனக் கருதுவது இயல்பு. உண்மையில் அங்குத் துணிக்கே இடமில்லை. கழுத்தின் முன்புறம் 0.5 செ.மீ. ஆரத்தில் முடியும் சாவித்துளை வடிவப் பிளவுக்கு, உட்புறமாக 0.6 செ.மீ. விளிம்பு விட இயலாது. அத்தகைய இடங்களில் விளிம்பு விடாமல் ஓரத்தைப் பட்டைத்துணியால் சூழ்ந்து தைப்பதன் வடிவியல் காரணம் இதுவே. கணினியின் மறுப்பு இங்குத் தையல் முறையை மாற்றுமாறு கூறும் அறிவிப்பாகிறது.

6. மென்பொருளுக்குள் அசலும் நகலும்

வெட்டுவடிவ வளைவுகள் பெரும்பாலும் பெசியர் முதலிய பல்லுறுப்பு வளைவுகளாகச் சேமிக்கப்படுகின்றன. இவற்றின் இணைவளைவு பொதுவாக அதே வகையைச் சார்வதில்லை. செங்குத்துத் திசையைக் கணக்கிடும்போது வர்க்கமூலம் நுழைந்துவிடுகிறது. ஆதலால் மென்பொருள்கள் குறிப்பிட்ட பிழை எல்லைக்குள் தோராய வளைவையே தருகின்றன. டில்லர், ஹான்சன் ஆகியோர் 1984இல் முன்வைத்த தோராய முறை இத்துறையில் அறியப்பட்ட ஒன்று. ஃபரூக்கி, சக்காலிஸ் ஆகியோர் 1990இல், இணைநகலைத் துல்லியமாக எழுதத்தக்க தனிவகைப் பல்லுறுப்பு வளைவுகளை அறிமுகப்படுத்தினர். துணி வெட்டுதலில் மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கு பிழை பொருட்டன்று. எனினும், நகலிலிருந்து நகல், அதிலிருந்து மற்றொரு நகல் எனத் தொடர்ந்தால் பிழையும் புள்ளிகளின் எண்ணிக்கையும் பெருகும். ஒவ்வொரு முறையும் அசலிலிருந்தே நகலெடுப்பது இதற்குத் தீர்வு.

நகலுக்கும் அசலுக்கும் இடையிலான உறவு மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுகிறது. ஆட்டோகேடில் இக்கட்டளை தனித்ததொரு கோட்டைத் தருகிறது. பின்னர் அசலைத் திருத்தினாலும் நகல் மாறாது. சாலிட்வொர்க்ஸ் வரைபடத்தில் தொலைவு ஓர் அளவாகவே பதிந்திருப்பதால், அவ்வெண்ணை மாற்றினால் கோடு நகரும்; அசல் மாறினால் நகலும் மாறும். இங்க்ஸ்கேப் என்னும் கட்டற்ற வரைகலை மென்பொருளிலும் அசலோடு பிணைந்த நகலை உருவாக்கலாம். வரைபடத்தின் பாகங்களுக்கிடையே உறவுகளைக் கணினியே காக்கும் எண்ணம், ஐவன் சதர்லேண்ட் 1963இல் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் தொட்டே இத்துறையில் உள்ளது.

கோப்புப் பரிமாற்றத்தில் இவ்வுறவு அறுபடக்கூடும். ஏ.எஸ்.டி.எம். மரபைப் பின்பற்றும் ஆடைத்துறை டி.எக்ஸ்.எஃப். கோப்பில், பாகத்தின் எல்லைக்கோடு 1ஆம் அடுக்கிலும் தைக்கும் கோடு 14ஆம் அடுக்கிலும் இடம்பெறுகின்றன. வாங்குநரிடமிருந்து வரும் கோப்பில் இரண்டு கோடுகளும் இருக்கலாம். ஒன்று மற்றொன்றின் நகல் என்னும் செய்தி கோடுகளில் இல்லை. கைக்குழியைத் திருத்தும் பணியாளர் ஒரு கோட்டை மட்டும் மாற்றினால், மற்றது பழைய இடத்திலேயே நிற்கும். பெற்ற கோப்பில் 14ஆம் அடுக்கை மட்டும் அசலாகக் கொண்டு, வெட்டும் கோட்டைப் புதிதாக உருவாக்கி, வந்த கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பாதுகாப்பான நடைமுறையாகும்.

7. துணிக் கணக்கு

வெட்டும் மேசையில் துணி பல அடுக்குகளாக விரிக்கப்பட்டு, ஒரே முறையில் வெட்டப்படுகிறது. 100 அடுக்கு கொண்ட ஒரு லேயில், வடிவத்தில் உள்ள ஒரு பிழை 100 ஆடைகளில் பிறக்கிறது. அளவுக்கு மேல் விடப்பட்ட விளிம்பு பொருந்தாமையை உண்டாக்காவிடினும் துணியைத் தின்கிறது.

மெல்லிய விளிம்பின் பரப்பு, சுற்றளவு × தொலைவு என்னும் பெருக்கத்திற்கு அண்மையது. ஓர் ஆடையின் பாகங்கள் அனைத்தின் சுற்றளவும் சேர்ந்து 600 செ.மீ. எனக் கொள்வோம். 0.8 செ.மீ. போதுமான இடத்தில் 1 செ.மீ. விட்டால், ஆடை ஒன்றுக்கு 120 சதுர செ.மீ. துணி கூடுதலாகும். 10,000 ஆடைகளுக்கு 120 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணியாயின் 21.6 கிலோ. பின்னல் துணி கிலோ கணக்கில் விலை பேசப்படுவதால், சிறிய நிறுவனத்துக்கு இது நேரடி இழப்பு. மார்க்கரில் பாகங்கள் அடுக்கப்படும் முறைக்கேற்ப இவ்வளவு சற்றுக் கூடவோ குறையவோ செய்யும்.

அதற்காக விளிம்பை மிகக் குறைப்பதும் ஏற்றதன்று. ஓவர்லாக் எந்திரத்தின் கத்தி ஓரத்தைச் சீவிக்கொண்டே செல்கிறது. தையலின் அகலமும் சீவப்படும் அளவும் சேர்ந்ததே வேண்டிய தொலைவு. அது போதாவிடில் இழை ஓரத்தைப் பற்றாமல், அணிந்த சில நாட்களில் தையல் பிரியும். எனவே தொலைவு என்னும் ஒற்றை எண்ணைத் திரையின் முன் அமர்ந்து மட்டும் தீர்மானிக்க இயலாது. தைக்கும் எந்திரத்தின் அருகே சென்று அளந்தறிய வேண்டும்.

8. கலைச்சொல் முன்மொழிவு

‘ஆஃப்செட்’ என்னும் சொல் தமிழ்நாட்டில் முதலில் அச்சுத்துறை வழியாகவே பரவலாக அறிமுகமானது. அங்கு அதற்கு ‘மறுதோன்றி’ என்னும் தமிழாக்கம் வழங்குகிறது. ஒரு தகட்டின் உருவம் உருளையில் பதிந்து மீண்டும் தாளில் தோன்றுவதால் அப்பெயர் பொருத்தமானது. வடிவமைப்பில் நிகழும் செயலுக்கு அதனைப் பயன்படுத்த இயலாது. ‘பெரிதாக்கல்’, ‘விரிவாக்கம்’ போன்ற சொற்கள் இரண்டாம் பகுதியில் சுட்டிய மயக்கத்தையே வளர்க்கும். ‘சமதொலைவு வரை’ என்பது வரையறைக்கு நெருக்கமானது. ஆயினும் அசலைச் சார்ந்து பிறந்தது என்னும் பொருள் அதில் வெளிப்படவில்லை.

‘இணைநகல்’ என்னும் சொல்லில் ‘இணை’ என்பது தொலைவு மாறாமையையும், ‘நகல்’ என்பது அசலைச் சார்ந்திருத்தலையும் சுட்டுகின்றன. அசல், நகல் ஆகிய சொற்கள் பத்திரப்பதிவு முதல் பள்ளிச் சான்றிதழ் வரை மக்கள் வழக்கில் உள்ளவை. திருத்தம் அசலில்தான் செய்யப்பட வேண்டும், நகலில் செய்தால் செல்லாது என்பதும் அனைவரும் அறிந்ததே. வெட்டும் கூடத்திற்கு வேண்டிய விதியும் அதுவே. பள்ளிப்பாடத்தில் ‘இணை’ நேர்க்கோடுகளுக்கே பெரிதும் பயன்படுகிறது எனினும், இருப்புப்பாதையின் இரண்டு தண்டவாளங்கள் வளைவிலும் இணையாகவே செல்வதைக் காட்டி அதன் பொருளை வளைவுகளுக்கும் விரிக்கலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

• இணைநகல் தொலைவைக் காக்கிறது. விகிதப் பெருக்கம் வடிவத்தைக் காக்கிறது. படிநிலையாக்கம் உடலளவைப் பின்பற்றுகிறது. படிநிலையாக்கம், பெருக்கம், இணைநகல் என்பதே இவற்றின் சரியான வரிசை.

• வளைவில் தைக்கும் கோடும் வெட்டும் கோடும் ஒரே நீளமுடையன அல்ல. வேறுபாடு தொலைவையும் திருப்பக் கோணத்தையும் சார்ந்தது, ஆரத்தைச் சார்ந்ததன்று. ரிப் பட்டை, கைக்குழி, நாட்ச் ஆகியவற்றுக்குத் தைக்கும் கோட்டையே அளக்க வேண்டும்.

• மூலைகளில் மென்பொருளின் இயல்பான தெரிவு எப்போதும் ஆடைக்குரிய தெரிவாகாது. மடிப்பு விளிம்புக்குக் கண்ணாடி பிம்பமே பொருந்தும்.

• மென்பொருள் இணைநகலை மறுக்கும் இடம் பெரும்பாலும் தையல் முறையை மாற்ற வேண்டிய இடமாகும்.

• திருத்தங்கள் அசலில் செய்யப்பட வேண்டும். நகல் ஒவ்வொரு முறையும் அசலிலிருந்தே பெறப்பட வேண்டும்.

அளவுகோலைக் கோட்டுக்குக் குறுக்கே வைத்துப் புள்ளியிட்ட மாஸ்டர்கள் இவ்விதிகளுள் பலவற்றைக் கைப்பழக்கத்தில் வைத்திருந்தனர். பெருமாநல்லூர் போன்ற ஊர்களில் இன்று கணினியின் முன் அமரும் இளைஞர்களுக்குக் கட்டளையின் பெயரோடு அதன் காரணமும் தமிழில் சேர்த்துக் கற்பிக்கப்படுமாயின், கையறிவு திரையிலும் தொடரும். பயிற்சி நிலையங்கள் முதல் பாடமாக ஒரு கைக்குழியைத் தாளில் புள்ளியிட்டு வரையச் செய்து, பின்னர் அதே வளைவை மென்பொருளில் நகலெடுத்து, இரண்டின் நீளங்களையும் அளந்து ஒப்பிடச் செய்யலாம். ஒரு தாள், ஒரு நாடா, அரைமணி நேரம் ஆகியவையே அதற்குப் போதுமானவை.